அடித்தட்டைக் கழுவியவள்

மீன்தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த நீலத்தாள் காலையில் தெரிந்தது. மத்தியானம் தெரியவில்லை. அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள்; பிறகு கண்ணாடியை. ஈரத்துணியால் முன்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். வெளியே அழுக்கே இல்லை, எல்லாம் உள்ளே இருந்தது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியதுபோல் தொட்டி முழுக்க ஒரு வெள்ளை. அதற்குள்ளிருந்து தங்கமீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து, வாயை நீட்டிக் காற்றைக் கடித்துவிட்டு, மறுபடி வெள்ளைக்குள் போயின. கூடத்தில் வேறு சத்தம் இல்லாததால் அந்த வாய்கள் திறந்து மூடுவது நன்றாகவே கேட்டது.

ஐந்து மீன்கள். வந்து வந்து போனவற்றை இரண்டு தடவை எண்ணினாள். ஐந்தும் உயிரோடுதான் இருந்தன. அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

மீன் அவளுடையதில்லை, புருஷனுடையது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவருக்கு. ஒன்றரை வருஷத்துக்கு முன், பஸ் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போனவளை, கையை மேஜைமேல் விரித்து வைக்கச் சொல்லி, எடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றவர் அவர். "முறியல. ரொம்ப நல்ல எலும்பு" என்றார். சூட்டோடு சூடாகப் பெண் கேட்டும் வந்துவிட்டார். முதல் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் போனவள், போனவள் போனவள்தான் என்று மறைக்காமல் சொன்னார். அம்மா அப்பா இல்லாத அவளுக்கு அக்காதான் எல்லாம். அக்கா யோசித்துவிட்டுச் சரி என்றாள். கல்யாணத்தன்று சொந்தக்காரர்களிடம், "எல்லாரும் மூஞ்சியைப் பார்த்துக் கட்டுவாங்க, எங்க மாப்பிள்ளை எலும்பைப் பார்த்துக் கட்டினாரு. உள்ளழகுன்னா இதுதான்" என்று சொல்லிப் பந்தியையே சிரிக்க வைத்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

குரலை உயர்த்தாத மனுஷர். அடிக்கும்போதும் உயர்த்தமாட்டார்.

போன வருஷம் அவள் தீனி கூடுதலாகப் போட்டு ஒரு குட்டி மீன் செத்துப்போனது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியின் கதவைத் திறந்து, அவள் வலது கையை விளிம்பில் வைக்கச் சொன்னார். வைத்தாள். கதவை மெல்ல, ரொம்ப மெல்ல, மூடினார். அப்புறம் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். சுண்டுவிரல் மட்டும் போயிருந்தது. "மிச்சமெல்லாம் அப்படியே இருக்கு பாரு" என்று படத்தை அவளிடமே காட்டினார். அந்தப் படத்தைக் கூடத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியும் வைத்தார். சாய்ந்த வெயில் உள்ளே வரும் நேரத்தில் அவளுடைய கை, தோலும் சதையும் இல்லாமல், தரையில் வெளிச்சமாக விழும். அதை மிதிக்காமல் தாண்டிப் போக அவள் பழகியிருந்தாள்.

"இன்னொரு மீன் செத்தா விரலோட நிக்காது" என்று அன்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார், கடைக்குப் போய் ஊதுபத்தி வாங்கணும் என்பதுபோல.

அக்காவிடம் போய் அழுதாள். அக்கா அவள் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொடுத்து, "அடிக்கிற கைதான் அணைக்கும். நீ மீனைச் சாகடிச்சா அவருக்குக் கோபம் வராதா? பொறுத்துப் போ" என்று சொல்லி, பஸ் ஏற்றிவிட்டாள்.

தொட்டியின் உயிர் அந்த அலமாரிக்குள் இருந்தது. வாளி அளவுக்கு ஒரு கறுப்பு ஃபில்டர். ஒரு குழாய் தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கும், இன்னொரு குழாய் சுத்தமான தண்ணீரை மேலே அனுப்பும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக நாலு தட்டு. மேல்தட்டில் ஸ்பாஞ்ச். நடுவில் இரண்டும் காலி. அடித்தட்டில் ஒரு வலைப்பை நிறைய, பழுப்பாக, வழவழவென்று ஏதோ. அடித்தட்டைத் தொடாதே என்பது கல்யாணமான வாரமே வந்த உத்தரவு. காலித் தட்டுகளைப் பற்றி ஒருமுறை கேட்டதற்கு, "தோதான மீடியா இன்னும் கிடைக்கல. அவசரமில்ல" என்றார். ஃபில்டருக்குள் போடுகிற பஞ்சு, கல், கரி எல்லாவற்றுக்கும் மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் மீடியா.

புது எக்ஸ்ரே மெஷினுக்குப் பயிற்சி என்று அவர் வெளியூர் போயிருந்தார். போன மறுநாளே மேலே வரும் தண்ணீர் நூலாக இளைத்தது. அலமாரியைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சலவைக் கடையில் வேலை பார்த்தவள். காலர் அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. மீன் சாகக்கூடாதே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வலைப்பையை எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்தாள். வழவழப்பெல்லாம் போய் வெள்ளை வெளேரென்று ஆனது. துண்டுகள் ஒரே அளவில் இல்லை. சில தட்டையாக, சில கோலிக்குண்டு மாதிரி, சில நடுவில் ஒடுங்கி இரண்டு முனையும் பருத்து நூல் சுற்றுகிற கட்டையைப் போல. ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல ஆயிரம் துளை. நடுவே ஒரு சின்னத் திருகாணி கிடந்தது. துரு இல்லாமல் பளிச்சென்று. ஃபில்டரிலிருந்து கழன்றதாக்கும் என்று ஜன்னல் திட்டில் எடுத்து வைத்தாள். துண்டுகளைப் பையில் போட்டு அடித்தட்டிலேயே திரும்ப வைத்தாள். வந்தால் அவர் மெச்சிக்கொள்வார் என்றுகூட நினைத்தாள்.

இப்போது தண்ணீர் வெளுத்துக் கிடக்கிறது. அவர் நாளைக்கு வந்துவிடுவார்.

ஒரு துண்டையும் திருகாணியையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவள் மீன்தொட்டிக் கடைக்கு ஓடினாள். அவர் வழக்கமாக மீன் தீனி வாங்கும் கடை. வானம் மூட்டம் போட்டிருந்தது. கடைக்குள் நாற்பது மோட்டார்கள் ஒன்றாக முனகின. கடைக்காரர் வயசான, குண்டான, பேச்சு நிற்காத மனுஷர்.

"குழாய்த் தண்ணியில கழுவினீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு. குழாய்த் தண்ணியில மருந்து இருக்கும்மா. மீடியாவோட துளைக்குள்ளதான் நல்ல கிருமி குடியிருக்கும். மீனோட கழிவை அதுதான் தின்னு தீர்க்கும். அது மொத்தமும் செத்துப்போச்சு. மீடியாவைத் தொட்டித் தண்ணியிலயேதான் அலசணும். இதெல்லாம் அவரு சொல்லித்தரலயா?"

"தொடவே கூடாதுன்னாரு."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். பிறகு தட்டு தட்டாக எடுத்துக் காட்டினார். ஸ்பாஞ்ச், பீங்கான் வளையம், எரிமலைக் கல், கரி. "ஸ்பாஞ்ச் தூசியைப் பிடிக்கும், அவ்வளவுதான். கரி நாத்தத்தை எடுக்கும், சீக்கிரம் செத்துரும். கிருமி குடியிருக்கணும்னா வளையம், இல்ல கல்லு. துளை எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு நல்லது. தங்கமீனுக்கு எவ்வளவு போட்டாலும் பத்தாதும்மா. திங்கிறதும் ஜாஸ்தி, கழியறதும் ஜாஸ்தி. பல்லு தெரியலயேன்னு நினைக்காதீங்க, அதுக்குத் தொண்டைக்குள்ள பல்லு. நத்தையைக்கூட நொறுக்கிரும். ஆனா எதைப் போட்டாலும் கிருமி வந்து குடியேற ஒன்றரை மாசம் ஆகும்."

"நாளைக்கு வராரு" என்றாள்.

கடைக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. கைக்குட்டையிலிருந்த துண்டை எடுத்து விளக்கடியில் திருப்பினார். "இது நம்ம கடைச் சரக்கு இல்ல. செத்த பவளமா இருக்கும். துளையைப் பாருங்க, எவ்வளவு நெருக்கமா. இந்த மாதிரி எங்கிட்டயே கிடையாது. அதான் அவரு தொட்டித் தண்ணி அப்படி ஜொலிக்குது." திருகாணியை எடுத்தார். "இது ஃபில்டரோடது இல்லயே. எங்கப்பாவுக்கு இடுப்பு உடைஞ்சப்ப டாக்டர் காட்டினாரு, இதே மாதிரி. எலும்புல தகடு வச்சு முடுக்குறது. ஆஸ்பத்திரிக்காரரு இல்ல, சட்டைப் பையிலருந்து விழுந்திருக்கும்."

"இருக்கும்."

"அவருகூட முன்ன ஒரு அம்மா வருவாங்க. அவங்களுக்கும் கையில தகடு வச்சிருந்தது. விழுந்துட்டேன்னாங்க. பாவம், அடிக்கடி விழுவாங்க. இப்ப எங்க இருக்காங்களோ."

நாற்பது மோட்டார்களும் அவள் மண்டைக்குள் ஓடின. கடைக்காரரின் விரல்களுக்கு இடையில் அந்தத் துண்டு வெள்ளையாக இருந்தது. நூல் சுற்றுகிற கட்டையைப் போன்ற அந்தத் துண்டு. அதைப் பிடித்திருந்த விரலின் நடுக்கணு அளவுக்கே இருந்தது.

அதை அவள்தான் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். ஒவ்வொன்றாக. முனகிப் பாட்டுப் பாடிக்கொண்டு.

எதையும் வாங்காமல், துண்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலிலேயே வாந்தி எடுத்தாள். மனசுக்குள் இத்தனை நாளும் 'அவர்' என்று இருந்தவன் அந்த இடத்தில்தான் 'அவன்' ஆனான்.

அக்காவுக்குப் போன் செய்தாள். வாய் குழறியது. எலும்பு என்றாள், திருகாணி என்றாள், முதல் மனைவி என்றாள். அக்கா அடுப்படியில் இருந்தாள் போலிருக்கிறது, பாத்திரச் சத்தம் கேட்டது.

"கண்டதையும் நினைச்சுக் குழப்பிக்காதடி. பவளம்னு கடைக்காரரே சொல்றாருல்ல? ஒரு நாள் நானே வந்து அவருகிட்டப் பேசறேன். நீ இப்ப வீட்டுக்குப் போ."

"அக்கா, நான் அங்க வந்துடறேனே."

"உங்க மாமா என்ன சொல்லுவாரு? போ கண்ணு. தைரியமா போ."

போனாள். வேறு போக்கிடம் இல்லை. அந்த வலைப்பையை எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸுக்குப் போய்விடலாம், அவன் நாளைக்குத்தானே வருகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கரண்ட் போயிருந்தது. வீடுகள் ஒவ்வொன்றும் வாயைத் திறந்துவைத்த மாதிரி இருண்டு நின்றன. பூட்டைத் திறக்கச் சாவியை நீட்டினாள்.

பூட்டு இல்லை.

கதவு சாத்தி மட்டும் இருந்தது. உள்ளே காலடியில் ஈரமான ஷூ. ஜோடியாக, நேராக, சுவரை ஒட்டி வைத்திருந்தது. இரவும் பகலும் ஓடுகிற ஃபில்டரின் உறுமல் நின்றுபோயிருந்தது. அந்தச் சத்தத்தோடே வாழ்ந்து பழகியவளுக்கு அது இல்லாத வீடு அந்நியமாக இருந்தது. மழை. மழைக்கு நடுவே வாய்கள். பக். பக். பக்.

கூடத்தின் தரையில், தொட்டிக்கு முன்னால், அவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். செல்போன் வெளிச்சம் தொட்டிக்குள் பாய்ந்து வெள்ளையிலேயே நின்றது. பக்கத்தில் ஃபில்டரின் நாலு தட்டுகளும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. உள்ளங்கையில் ஒரு மீன். அது அசையவில்லை.

"ஒரு நாள் முன்னாடியே விட்டுட்டாங்க" என்றான்.

அவள் சாவியைக் கையில் பிடித்தபடி நிலைப்படியிலேயே நின்றாள்.

"குழாய்த் தண்ணியிலயா கழுவின?"

தலையாட்டினாள்.

"பிரஷ் போட்டு?"

தலையாட்டினாள்.

"நாலு வருஷம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதை அவள் இதுவரை பார்த்ததில்லை. "நாலு வருஷம் பழக்கி வச்சது. வாய்தான் ஓயாது, மத்தபடி நல்ல எலும்பு. ஒரே நாள்ல கொன்னுட்டியே. இங்க வா."

கால்கள் போயின. போகக்கூடாது என்று அவள் சொல்லச் சொல்லப் போயின.

"கையைக் குடு."

கொடுத்தாள். ஒன்றரை வருஷத்துப் பழக்கம். அவன் செத்த மீனைக் கீழே வைத்துவிட்டு, அவள் மணிக்கட்டைத் தன் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். அவன் விரல் நுனியில் மீன் வாடை அடித்தது.

"மணிக்கட்டுல மட்டும் எட்டு இருக்கு. தெரியுமா?" காலியாக இருந்த இரண்டு தட்டுகளை அவன் பார்த்தான். "முதல் நாள் படத்தைப் பார்த்தப்பவே நினைச்சேன்."

முடியைப் பிடித்தான். எழுந்தான். தொட்டியின் விளிம்பு அவள் கழுத்தில் இடித்தது. முகம் தண்ணீருக்குள் போனது.

வெள்ளை. காதுக்குள் வெள்ளை. மூக்கில், தொண்டையில், நாற்றமடிக்கும் வெள்ளை. ஏதோ குளிர்ச்சியாக வந்து உதட்டில் முட்டியது, உதட்டைச் சப்பியது. மேலே எங்கோ அவன் பேசிக்கொண்டிருந்தான், குரலை உயர்த்தாமல். நெஞ்சு வெடித்தது. கை துழாவியது. கண்ணாடி. தொட்டியை மூடுகிற கண்ணாடிப் பலகை, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. பிடித்தாள். பார்க்காமல் பின்னால் வீசினாள்.

உடைந்தது. பாதி அவள் கையிலேயே இருந்தது.

பின்னால் குத்தினாள். மெத்தென்று இறங்கியது. முடியை விட்டான். திரும்பினாள். அவன் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. மறுபடி குத்தினாள். கழுத்தில். கண்ணாடி அவள் உள்ளங்கையையும் அறுத்தது. விடவில்லை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அவள் மிரண்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கதவிடுக்கில் வைத்த கைக்கு ஒன்று. ஜன்னலில் ஒட்டிய படத்துக்கு ஒன்று. வலைப்பைக்குள் இருந்தவளுக்கு, அவளைத் தேய்த்த பிரஷுக்கு, பந்தியில் சிரித்த சிரிப்புக்கு. எண்ணவில்லை. அவன் தொட்டியின் விளிம்பில் கவிழ்ந்தான். அவன் கை தண்ணீருக்குள் தொங்கியது. பிறகு அவன் குத்துப்பட்டும் அசையவில்லை.

கரண்ட் வந்தது.

தொட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெள்ளைக்குள் சிவப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் பெரிய மீன் ஒன்று உண்டு, குண்டு என்று கூப்பிடுவார்கள். அதுதான் முதலில் மேலே வந்தது. தொங்கிய விரல் நுனியை முகர்ந்தது. வாய்க்குள் வைத்தது. மற்ற மூன்றும் வந்தன. தொண்டைக்குள்ளிருந்து வரும் சத்தம் அது. நறுக். நறுக்.

அவள் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் இறங்கிக் கத்தினால் பத்துப் பேர் வருவார்கள். ஆனால் குண்டு மறுபடியும் மேலே வந்து காற்றைக் கடித்தது. இன்னொரு மீன் செத்தா விரலோட நிக்காது. சொன்னவன் செத்துவிட்டான் என்பது மண்டைக்குத் தெரிந்தது. கைக்கும் காலுக்கும் தெரியவில்லை. அவை இன்னும் பயந்துகொண்டிருந்தன.

துளை எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு நல்லது.

எழுந்தாள். அடுப்படிக்குப் போய்ப் பெரிய கத்தியை எடுத்து வந்தாள். வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டாள். குழாயைத் திறக்கவில்லை. இனி ஒருபோதும் திறக்கமாட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து விசாரித்தார்கள். போலீஸும் ஒருமுறை வந்து வாசலோடு போனது. பயிற்சிக்குப் போனவர் வரவில்லை என்றாள். முன்பு ஒருத்தி போனாள், இப்போது அவர் போனார், அந்த வீட்டு ராசி அப்படி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் வருகிறேன் என்ற அக்கா வந்தது மழைக்காலம் முடிந்தபிறகு. வெயில் சாய்கிற நேரம். வாசலிலேயே தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போனவரு வருவாரு கண்ணு. எங்க போயிடுவாரு" என்று முதுகைத் தடவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தவள் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி இது, தண்ணி இருக்கிறதே தெரியல. மீனெல்லாம் காத்துல தொங்குற மாதிரி இருக்கு. என்ன பண்ணின?"

"மீடியா மாத்தினேன்க்கா. தோதானது கிடைச்சுது."

"அடேங்கப்பா, அந்தப் பெருசு எப்படி வளர்ந்துருச்சு."

"ஆமாக்கா. இருக்கிறது பத்தல. இன்னும் ஒரு தட்டு காலி."

அக்காவுக்கு அது புரியவில்லை, புரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஜன்னல் படத்தின் வழியாக வந்த வெயிலில் அந்தக் கை தரையில் வெளிச்சமாக விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய கேலி ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இன்னும் இதை எடுக்கலயா நீ?" என்று சிரித்துக்கொண்டே குனிந்து, தன் கையை அதன் பக்கத்தில் விரல் விரித்து வைத்து அளந்து பார்த்தாள். வளையல்கள் கீழே சரிந்தன.

தங்கை பக்கத்தில் மண்டியிட்டாள். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலால் மெல்ல, ரொம்ப மெல்ல, அழுத்திப் பார்த்தாள். அவள் விரல்கள் இன்னும் பயந்துகொண்டுதான் இருந்தன.

"நல்ல எலும்புக்கா உனக்கு" என்றாள், குரலை உயர்த்தாமல்.

தண்ணீரே இல்லாததுபோல் தெளிந்திருந்த தொட்டிக்குள், நான்கு மீன்களும் கண்ணாடியருகே வந்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.